பிரிவு 244ம் கடைத்தேங்காயும்

தமிழ் வலைப்பூக்களின் அடியில் ஒரு வரி இருக்கும்: "இங்குள்ள ஆக்கங்களை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எவ்வடிவிலும் பயன்படுத்தக் கூடாது." அச்சு நூல்களின் இரண்டாம் பக்கத்திலிருந்து அப்படியே குடிபெயர்ந்து வந்த வரி. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க நம் எழுத்தை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம், "போட்டுத்தானே வச்சிருக்கேன், பிறகு எப்படி எடுத்தாங்க?" என்று யாராவது கேட்பார்கள். எடுப்பவர் சிங்கப்பூரில் உட்கார்ந்து எடுக்கிறார் என்றால், அந்த வரி 2021 நவம்பர் 21 முதல் அவரைக் கட்டுப்படுத்தாது.

அன்றுதான் இங்கே புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. (சிலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது, எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. புகார்க் கடிதத்திலேயே இந்தக் குழப்பம் இருந்தால் மேற்கொண்டு யாரும் படிக்க மாட்டார்கள்.) சட்டத்தின் 243, 244ஆம் பிரிவுகள் 'கணினிவழித் தரவுப் பகுப்பாய்வு' எது என்று சொல்லி, அதற்காக நகலெடுப்பதை அனுமதிக்கப்பட்ட பயன்பாடு ஆக்கின. படங்களை அடையாளம் காண ஒரு நிரலைப் பழக்குவதற்குப் படங்களைப் பயன்படுத்துவது சட்டத்திலேயே எடுத்துக்காட்டாக இருக்கிறது. மொழி மாதிரிக்கு, அதாவது எழுத்தைப் பார்த்துப் பழகி எழுத்தை உருவாக்கும் நிரலுக்கு, எழுத்தைக் கொடுப்பதும் அந்த வகைதான். பல்கலைக்கழகமா, லாபத்துக்கு நடக்கும் நிறுவனமா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. ஜப்பான் 2019 தொடக்கத்தில் ஏறக்குறைய இதே வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 ஆணையில் வணிக நோக்கத்துக்கு இடம் கொடுத்தது. ஆனால் 'என் எழுத்து வேண்டாம்' என்று கணினி படிக்கும் வடிவில் அறிவித்து விலகிக்கொள்ளும் உரிமையை அங்கே எழுத்தாளரிடம் விட்டுவைத்தார்கள். இங்கே அது இல்லை.

இல்லை என்பதோடு நிற்கவுமில்லை. இந்த அனுமதியை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது, பறிக்கும் வாசகம் செல்லாது என்கிறது 187ஆம் பிரிவு. உங்கள் தளத்தின் நிபந்தனைப் பக்கத்தில் 'தரவுப் பகுப்பாய்வுக்குத் தடை' என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் அந்த அளவுக்கு அது வெற்று வாசகம். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 'வணிகப் பயன்பாடு கூடாது' முத்திரையும் அப்படியே. அந்த உரிமம் அனுமதி தேவைப்படும் இடத்தில்தான் வேலை செய்யும். சட்டமே அனுமதித்துவிட்ட இடத்தில் அதற்கு வேலையில்லை.

ஆகவே 'உரிமம் வாங்காமல் எடுத்தது திருட்டு' என்ற வாதத்தை இந்த ஊரில் கீழே வைத்துவிடுவது நல்லது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நமக்கு வசதியான கேள்விகளெல்லாம் நழுவிப்போகின்றன.

ஏனென்றால் சட்டம் கதவை முழுதாகத் திறந்துவிடவில்லை. முதல் பூட்டு நுழைவில் இருக்கிறது. எந்தப் பிரதியிலிருந்து நகலெடுக்கிறாரோ அந்தப் பிரதியை அவர் முறையாக அணுகியிருக்க வேண்டும். கட்டணச் சுவரை ஏறிக் குதித்து எடுத்தால் முறையான அணுகல் இல்லை என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே சொல்கிறது. 187ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தால்தான் இதன் சூட்சுமம் புரியும்: 'உள்ளே வந்தபின் பகுப்பாய்வு செய்யாதே' என்பது செல்லாது, 'சந்தா கட்டியவர் மட்டும் உள்ளே வரலாம்' என்பது செல்லும். பலகைக்கு மதிப்பில்லை, கதவுக்கு உண்டு.

அடுத்து, மூலப் பிரதியே கள்ளப் பிரதியாக இருக்கக் கூடாது. தெரியாமல் எடுத்தால் மன்னிப்பு உண்டு. அப்பட்டமாகக் கள்ளப் பிரதிகளை அடுக்கிவைத்திருக்கும் தளத்திலிருந்து எடுத்தால், அது அப்படிப்பட்ட தளம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை என்பதும் நிரூபணமாக வேண்டும். தமிழில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. நல்ல தமிழ் உரைநடை அடர்த்தியாகக் கிடைக்கும் இடம் எது என்று தேடினால், ஸ்கேன் செய்து பீடிஎஃப் ஆக்கிய நாவல்களின் இலவசப் பதிவிறக்கத் தளங்கள்தான் முதலில் வரும். சிங்கப்பூருக்கே உரிய இன்னொன்றும் உண்டு: தொடக்கநிலை மாணவர்களுக்கான பயிற்சிப் புத்தகங்கள், பள்ளிகளின் பழைய தேர்வுத்தாள்கள் ஆகியவற்றின் ஸ்கேன்கள். கேள்வியும் விடையும் ஜோடியாக, கருத்தறிதல் பத்தியோடு சேர்ந்து கிடைப்பதால் பயிற்சித் தரவாக இதைவிட வசதி இல்லை. பதிப்பாளர் ஏற்றியதா, யாரோ பெற்றோர் ஏற்றியதா என்று பார்க்காமல் ஒரு பொறியாளர் அந்தக் கோப்புறையை அப்படியே இழுத்துப்போட்டால், 244இன் பாதுகாப்பு அவருக்குக் கிடைப்பது சந்தேகம்தான்.

நடைமுறையில் அதிகம் சறுக்கும் இடங்கள் இன்னும் இரண்டு. எடுத்த நகலை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. பயிற்சிக்காகச் சேமித்த அதே களஞ்சியத்தை, ஆறு மாதம் கழித்து இன்னொரு குழு வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் தேடித்தரும் சாட்பாட்டுடன் இணைத்துவிடும். பத்திகளைத் தேடி எடுத்துத் திரையில் காட்டுவது பகுப்பாய்வு ஆகாது, அது வேறு பயன்பாடு. ஒரே சேமிப்பகம், ஒரே கடவுச்சொல் என்று வைத்திருக்கும் சிறு நிறுவனங்களில் இந்த எல்லை யாருக்கும் தெரியாமலேயே தாண்டப்படுகிறது. மற்றொன்று, நகலைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது. பகுப்பாய்வின் முடிவைச் சரிபார்க்கவோ அது தொடர்பான கூட்டு ஆய்வுக்கோ மட்டும் கொடுக்கலாம். 'சுத்தம் செய்த தமிழ்த் தரவுத்தொகுப்பு விற்பனைக்கு' என்று யாராவது உங்கள் நிறுவனத்தை அணுகினால், சேகரித்தவர் 244ஐக் காட்டித் தப்பிக்க முடியாது. தொகுப்பைத் திறந்த களஞ்சியத்தில் ஏற்றிப் பெருந்தன்மை காட்டுவதும் இதில்தான் மாட்டும்.

மொழி மாதிரி வெளியே துப்புவதைப் பற்றி 244 எதுவும் பேசவில்லை. பயிற்சிக்கு நகலெடுத்தது சரியாக இருக்கலாம். பயிற்சி பெற்ற மாதிரி உங்கள் சிறுகதையின் இரண்டு பக்கத்தை வரி மாறாமல் ஒப்பித்தால் அது தனி வழக்கு.

இவ்வளவும் சட்டம். அறம் எங்கே தொடங்குகிறது என்றால், சட்டம் ஒருவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று பார்க்கும் இடத்தில். சிங்கப்பூர்ச் சட்டம் எழுத்தாளரிடமிருந்து 'முடியாது' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பொருளியல் காரணங்களுக்காகத் தெரிந்தே, விவாதித்தே எடுத்தது. அதில் நியாயமும் உண்டு: ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் அனுமதிக் கடிதம் வாங்கி ஒரு மொழி மாதிரியைக் கட்ட முடியாது. ஆனால் மறுக்க முடியாதவரிடமிருந்து எடுக்கும்போது, எடுப்பவரின் கணக்குதான் கூட வேண்டும். மறுக்கக்கூடியவரிடம் ஒரு தடவை கேட்டால் போதும், 'சரி' என்றதும் பொறுப்பில் பாதி அவருக்குப் போய்விடுகிறது. கேட்கவே தேவையில்லாதபோது முழுப் பொறுப்பும் எடுத்தவர் தலையில்தான் இருக்கிறது. 'சட்டம் அனுமதிக்கிறது' என்பதை விவாதத்தின் முடிவாகச் சொல்லும் நிறுவனங்கள் இதைத் தலைகீழாகப் படிக்கின்றன.

இங்கே ஒரு கடைத்தேங்காய் வாதம் வரும். "தமிழ் கணினியில் வாழ வேண்டாமா? நீங்கள் கொடுக்காவிட்டால் தமிழ் பின்தங்கிவிடும்." கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர் பக்தியில் குறைந்தவர் என்று யாரும் சொல்லவில்லை, தேங்காய் யாருடையது என்றுதான் கேட்கிறோம். பிள்ளையாருக்கு உடைத்த சில்லைப் பொறுக்கி, மாதச் சந்தாவுக்கு விற்பதும் அவர்களே என்னும்போது கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது. "மனிதனும் படித்துத்தானே கற்றுக்கொள்கிறான்" என்பது அடுத்தது. படிக்கிறான்தான். சிங்கப்பூரில் தமிழ் படிக்கிறவர் நூல் வெளியீட்டுக்கு வந்து பிரதி வாங்குகிறார், தமிழ் மொழி விழாவில் எழுத்தாளரைப் பார்த்துக் கை கொடுக்கிறார், பின்னூட்டத்தில் சண்டை போடுகிறார். சில நூறு பிரதிகள் அச்சாகும் ஓர் இலக்கியச் சூழலில் எழுத்தாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். இணையத்தில் தவழ்ந்து வந்து பக்கங்களை அள்ளும் தானியங்கி நிரலான பாட் விட்டுச்செல்வது சர்வர் பதிவில் ஒரு வரி.

இனி எண்ணுக்கு வருவோம். ஒருவர் பத்தாண்டுகளில் 500 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 800 சொற்கள் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,00,000 சொற்கள். மொழி மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும்; தமிழ்ச் சொல் ஒன்றுக்குச் சராசரியாக 3 டோக்கன் என்று கொண்டால் 1.2 மில்லியன் டோக்கன். மெட்டா 2024இல் வெளியிட்ட லாமா 3 என்ற மொழி மாதிரிக்குப் பயிற்சியளித்தது 15 டிரில்லியனுக்கும் அதிகமான டோக்கன்களில். அந்த அளவுள்ள தொகுப்பில் நம் வலைப்பூக்காரரின் பங்கு 0.000008 விழுக்காடு. ஒரு பில்லியன் டாலரை எல்லாருக்கும் டோக்கன் கணக்கில் பிரித்துக் கொடுத்தாலும் அவர் கைக்கு வருவது 80 டாலர். பத்தாண்டு உழைப்புக்கு ஒரு குடும்பத்தின் ஒருவேளை உணவகச் செலவு. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் போராட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆனால் அதே பங்கைத் தமிழ்ச் சட்டிக்குள் மட்டும் வைத்துப் பாருங்கள். தொகுப்பில் தமிழ் 10 பில்லியன் டோக்கன் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அவர் பங்கு 0.012 விழுக்காடு, அதாவது 1,500 மடங்கு கனம். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். சட்டி சிறியதாக இருக்கும்போது ஒவ்வொரு அகப்பையிலும் யாரோ ஒருவருடைய பருக்கை அடையாளம் தெரியும்படி வருகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. சிறிய மொழிகளின் தரவு போதாது என்பதால் பயிற்சியின்போது அதையே பலமுறை திரும்பக் கொடுப்பார்கள். ஒரே பத்தி எத்தனை முறை கண்ணில் படுகிறதோ அந்த அளவுக்கு மாதிரி அதை மனப்பாடம் செய்கிறது. மாதிரி பெரிதாக ஆக மனப்பாடமும் கூடுகிறது. ஆங்கிலக் கட்டுரையாளருக்குக் கூட்டத்தில் கரைந்துபோகும் வசதி உண்டு. தமிழ்க் கட்டுரையாளருக்கு, அதுவும் புலம்பெயர் தொழிலாளர் தங்கும் விடுதி பற்றியோ ஈரச்சந்தைத் தமிழ் பற்றியோ எழுதுகிற ஒரு சிலரில் ஒருவருக்கு, அது இல்லை.

விலையிலும் ஒரு விசித்திரம். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் பொது முறை) 5 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். பைட்டுகளிலிருந்து டோக்கன் கட்டும் முறைகள், தமிழ் எழுத்தை அதிகம் பார்க்காமலே உருவானால், தமிழைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓவை அறிமுகம் செய்தபோது காட்டிய எடுத்துக்காட்டு வாசகத்தில், பழைய முறையில் தமிழுக்கு 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் அது 27இலிருந்து 24 ஆனது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்கும் சேவையில் ஒரே செய்தியைத் தமிழில் சொல்ல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பழைய முறையில் நான்கு மடங்குக்கும் மேல். இலவசமாகக் கொடுத்தவரே கூடுதல் விலையில் திரும்ப வாங்குகிறார். தமிழ் எழுத்தாளர் அமைப்புகள் பேரம் பேச உட்கார்ந்தால் சொல்லுக்குக் காசு கேட்பதை விட்டுவிட்டு, தமிழ் டோக்கன் செலவைக் குறைக்கும் உறுதி, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசப் பயன்பாடு, மூலத்தின் பெயர் சொல்லும் ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்பது கைக்குக் கிடைக்கக்கூடிய பலன் என்பது என் கணிப்பு.

பணமாகத் தீர்ந்த பெரிய வழக்கு ஒன்றையும் பார்த்துவிடலாம், நம் எதிர்பார்ப்பின் வீக்கத்தைக் குறைக்க உதவும். அமெரிக்காவில் கிளாட் மாதிரியை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்துக்கு எதிராக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், புத்தகங்களைக் கொண்டு பயிற்சியளித்தது நியாயப் பயன்பாடு (அனுமதி தேவையில்லாதது) என்றும், கள்ளத் தளங்களிலிருந்து இறக்கி நூலகமாகச் சேர்த்துவைத்தது அப்படியல்ல என்றும் 2025 ஜூனில் நீதிபதி ஆல்சப் பிரித்தார். பிறகு 1.5 பில்லியன் டாலருக்குச் சமரசம், நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். கவனியுங்கள், அங்கேயும் பிடிபட்டது பயிற்சி அல்ல, நுழைந்த வழி. இனி நம் பக்கம்: பட்டியலில் சேர ஐஎஸ்பிஎன் அல்லது அமேசான் எண் வேண்டும், நூல் வெளியாகி ஐந்தாண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும். சிராங்கூன் ரோட்டில் வெளியிட்டுத் தமிழ்நாட்டில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பை வாஷிங்டனில் பதிவு செய்தவர் எத்தனை பேர்? கள்ளத் தளத்தில் அந்த நூல் கிடந்திருந்தாலும் 3,000 டாலர் வராது.

சிங்கப்பூரில் நடந்தது வேறு மாதிரி. 2023 டிசம்பரில் 70 மில்லியன் வெள்ளிச் செலவில் தேசியப் பெருமொழி மாதிரித் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏஐ சிங்கப்பூர் என்ற தேசியத் திட்டத்தின் சீ-லயன் மொழி மாதிரிகள் பழகும் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இருக்கிறது. 2024இல் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கருத்தாய்வு போனது: உங்கள் படைப்புகளை இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று. பலர் வெளிப்படையாகவே மறுத்தார்கள். ஊதியம் என்ன, பாதுகாப்பு என்ன, எந்த மொழி மாதிரிக்கு, யார் பயன்படுத்துவார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த மடலில் போதிய பதில் இல்லை என்பது அவர்கள் குறை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேட்காமலே எடுத்தவர்களுக்கு இந்தத் திட்டு விழவில்லை, கேட்டவர்களுக்குத்தான் விழுந்தது. முறையாக வாங்கிய பிரதி கையில் இருந்தால் சட்டப்படி கேட்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லாத ஊரில், கேட்டது சரியான செயல். கேட்ட விதம்தான் போதவில்லை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் அதில் இவை இருக்க வேண்டும்: எந்த நூல் அல்லது எந்தத் தளம், முழுமையாகவா பகுதியா, அடிப்படைப் பயிற்சிக்கா, பின்னர் நடக்கும் நுண்பயிற்சிக்கா, சோதனைக்கு மட்டுமா. சோதனைக்கு மட்டும் என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள், அந்தக் கேள்வியையே யாரும் பிரித்துக் கேட்பதில்லை. மாதிரி திறந்த உரிமத்தில் வெளிவருமா என்பதும் முக்கியம். ஒருமுறை வெளியானபின் எடைகளை, அதாவது மாதிரி கற்றதைத் தாங்கி நிற்கும் எண்களை, திரும்பப் பெற முடியாது. பின்னர் மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அடுத்த பயிற்சியிலிருந்து நீக்கலாம், ஏற்கெனவே பழகிய மாதிரியிலிருந்து உருவி எடுக்க முடியாது. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரும் கையெழுத்திட வேண்டும், தொகை நூல் என்றால் ஒவ்வொரு கதாசிரியரும். போட்டியில் பரிசு பெற்ற கதைகளின் தொகுப்பில் உரிமை ஏற்பாட்டாளரிடம் இருக்கிறதா எழுதியவரிடமா என்று பழைய விதிமுறைத் தாளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். தாள் கிடைக்காவிட்டால் எழுதியவரிடம் கேட்டுவிடுவதே உத்தமம்.

மறுத்தவரின் எழுத்தை உண்மையிலேயே நீக்க முடிகிறதா என்பது தமிழில் ஒரு தனிச் சிக்கல். நிறுவனங்களில் தரவு வேலை பார்ப்பவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக, அல்லது ஒகரக் குறி ஒரே குறியீடாக. திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் பொருந்தாது. எல்லாவற்றையும் என்எஃப்சி எனப்படும் ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள், இதை என்எஃப்சி சரிசெய்யாது, தனி விதி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்க வேண்டும். பழைய பக்கங்கள் யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி, பாமினி குறியாக்கத்தில் இருக்கும். மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்காவிட்டால் அவை குப்பையாகத் தெரியும், அல்லது ஆங்கிலம் என்று மொழிகாட்டி முடிவு செய்துவிடும். அதன்பின் ஒத்த பத்திகளைக் கண்டுபிடிக்க ஐந்து சொல் துண்டுகளை ஒப்பிடும் ஆங்கிலப் பழக்கத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். 'வீட்டுக்குப் போனான்' என்பது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும்போது 'வீட்டுக்கு போனான்' ஆகிவிடும். ஓர் ஒற்று விழுந்ததும் அந்தச் சொல்லைத் தொடும் ஐந்து துண்டுகளும் பொருந்தாமல் போகும். எழுத்துத் துண்டுகளை வைத்து ஒப்பிட்டால் இந்தச் சிதைவைத் தாங்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், தமிழ் இணையத்தில் நல்ல கட்டுரை எதுவும் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. பெயரை நீக்கிப் பத்துத் தளங்களில் போட்டிருப்பார்கள். எழுதியவர் தன் தளத்தை மூடிவிட்டால், பெயரில்லாத பத்துப் பிரதிகளும் உள்ளே போகும், பெயருள்ள ஒன்று மட்டும் வெளியே நிற்கும். மறுத்தவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. ஆகவே நீக்கல் பட்டியல் தள முகவரியோடு நிற்காமல் எழுத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும். ஒத்த பத்திகளில் ஒன்றை மட்டும் வைக்கும்போது பெயரும் பழைய தேதியும் உள்ளதை வைக்க வேண்டும். கூடவே ஒரு பதிவேடு: எடுத்த முகவரி, தேதி, அன்றைய ரோபாட்ஸ் கோப்பின் (எந்த பாட் எதை எடுக்கலாம் என்று தளம் அறிவிக்கும் கோப்பு) நகல், நிபந்தனைப் பக்கத்தின் நகல், உள்நுழைவு தேவைப்பட்டதா என்ற குறிப்பு. முறையாக அணுகினோம் என்று பிறகு காட்ட வேறு ஆதாரம் எதுவும் நிற்காது. பின்னூட்டங்களில் ஆட்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடக்கும், அது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் வேலி. பின்னூட்டப் பகுதியை முதலிலேயே வெட்டிவிடுவது மிச்சம்.

எழுதுகிறவர் பக்கம் செய்யக்கூடியவை குறைவு, இருந்தாலும் உண்டு. ரோபாட்ஸ் கோப்பு 1994இல் தொடங்கிய வழக்கம், 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணில் இணையத் தரமானது. இது அணுகலுக்கான அனுமதி முறை அல்ல என்று அந்தத் தரமே சொல்கிறது. வாசலில் கோலம் போல, மதிக்கிறவர் மிதிக்காமல் விலகிப் போவார். கோப்பு தளத்தின் வேரில் இருக்க வேண்டும், உள்கோப்புறையில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். துணைத்தளம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். ஜிபிடிபாட், கிளாட்பாட், சிசிபாட், கூகுள்-எக்ஸ்டெண்டட், ஆப்பிள்பாட்-எக்ஸ்டெண்டட் ஆகிய பாட் பெயர்களை அந்தந்த நிறுவனம் தரும் எழுத்துக்கூட்டலில் தனித்தனியாக இட்டுத் தடுக்க வேண்டும். அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் தடுப்பவர்கள் தேடலிலிருந்தே காணாமல் போகிறார்கள். கூகுள்-எக்ஸ்டெண்டட்டைத் தடுத்தால் தேடல் இடம் பாதிக்காது. ஆனால் தேடல் பக்கத்தின் மேலே வரும் தானியங்கிச் சுருக்கத்தை அது நிறுத்தாது, அது வழக்கமான கூகுள்பாட்டின் வழியாக வருகிறது. பிளாகரில் அமைப்புகளுக்குள் தனிப்பயன் ரோபாட்ஸ் கோப்பை இயக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காமில் 2024 முதல் மூன்றாம் தரப்புடன் பகிர்வதைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது, நீங்களாகப் போய்த் தட்ட வேண்டும். சொந்தத் தளம் வைத்திருப்பவர், தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் சேவையான கிளவுட்ஃபிளேரின் இலவசக் கணக்கிலேயே ஏஐ பாட்களைத் தடுக்கலாம். பெயரை மறைத்து வரும் சிலவற்றையும் அது பிடிக்கும்.

இவற்றில் எதுவும் நேற்று வரை எடுத்ததைத் திருப்பித் தராது. சிசிபாட்டைத் தடுத்தால், அது திரட்டும் காமன் கிரால் என்ற திறந்த காப்பகத்தை நம்பித் தமிழ் ஆய்வு செய்யும் மாணவரையும் சேர்த்தே தடுக்கிறீர்கள். கதவே வேண்டும் என்றால் உள்நுழைவுக்குப் பின்னால் வைக்கலாம்: முதல் இரண்டு பத்தி வெளியே, மீதி மின்னஞ்சல் கொடுத்தவர்களுக்கு. வாசகர் குறைவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தெல்லாம் மூடிக்கொண்டால் ராசிபலன் தளங்களும் இயந்திர மொழிபெயர்ப்புப் பக்கங்களும்தான் மாதிரிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் என்பது உண்மை. அந்தப் பழியை எழுத்தாளர் தலையில் கட்டுவதை மட்டும் ஏற்க முடியாது. தரமான தமிழ் வேண்டுமென்றால் விலை கொடுக்கும் வழி என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் எழுத்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மேற்கோளோ திருக்குறளோ இல்லாத, முழுக்க உங்கள் சொந்தமான ஒரு பத்தியை எடுங்கள். ஆய்வுகளில் 50 டோக்கன் கொடுத்து அடுத்த 50 டோக்கனைப் பார்ப்பார்கள். தமிழில் டோக்கன் எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் 20 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத் தேடலை அணைத்துவிட்டு, அந்த 20 சொற்களைக் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். தேடல் இயங்கினால் அது உங்கள் பக்கத்தைப் பார்த்தே படிக்கும், சோதனை வீண். அடுத்த பத்துச் சொற்கள் அப்படியே வந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம். உங்களுக்கே உரிய எழுத்துப்பிழை ஒன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். எதுவும் வராவிட்டால் எடுக்கவில்லை என்று பொருளல்ல, மனப்பாடம் ஆகவில்லை என்பது மட்டுமே. வந்தால் திரையைப் படம்பிடித்து, தேதி, மாதிரியின் பெயர், பதிப்பு எண், நீங்கள் கொடுத்த சொற்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேமியுங்கள். மாதிரியைப் புதுப்பித்துவிட்டால் அடுத்த வாரம் அதே கேள்விக்கு அதே பதில் வராது.